மூளையும் மருந்தும் – 14: திரும்பும் பரிசல்

ஜெர்மானியச் சிப்பாய்கள் பெர்விட்டின் என்ற மெத்தாம்ஃபெட்டமைன் மாத்திரையை விழுங்கிவிட்டு இரவு பகலாக வண்டியோட்டியதையும், போர் முடிந்தபின் ஜப்பானில் ராணுவக் கிடங்கிலிருந்த, அதே மருந்தான ஹிரோப்பான் ஊருக்குள் பாய்ந்ததையும், 1951-ல் அந்நாடு தனிச்சட்டம் போட்டு அதை அடக்கப் பார்த்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். கோடிக்கணக்கில் மாத்திரைகள் விழுங்கப்பட்ட அந்தக் காலத்தில், உள்ளே போன மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தயாரித்தவருக்கும் தெரியாது, சீட்டெழுதிய மருத்துவருக்கும் தெரியாது. "நரம்பைத் தூண்டும்" என்பார்கள். எப்படித் தூண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் முதல் துப்பு 1927-லேயே கைக்கு வந்துவிட்டது. வந்தது துப்பு என்று புரியத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கால மருந்தியல் கூடங்களில் கைமோகிராஃப் என்றொரு கருவி இருக்கும். மயக்கத்தில் கிடக்கும் விலங்கின் தமனியில் செருகிய குழல், பாதரசம் நிறைந்த வளைகுழாயோடு இணைந்திருக்கும். பாதரசத்தின் மேல் ஒரு மிதவை. மிதவையில் நிற்கும் மெல்லிய கோலின் நுனி, புகைக்கரி படியவிட்ட தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளை மெதுவாகச் சுழலும். ரத்த அழுத்தம் ஏறினால் கரியைச் சுரண்டியபடி கோடு மேலே போகும். வேலை முடிந்ததும் தாளை வார்னிஷில் முக்கிக் காயப்போட வேண்டும். மறந்துவிட்டால் யார் விரலாவது பட்டு அன்றைய உழைப்பு முழுக்க அழிந்துபோகும்.

அட்ரினலின் ஊசி போட்டால் இந்தக் கோடு எழும். முன்கூட்டியே கொஞ்சம் கோகெய்ன் கொடுத்துவிட்டு அதே அட்ரினலினைப் போட்டால் அதன் வேகம் கூடுகிறது என்று ஃபிரோலிஹும் ஆட்டோ லோவியும் 1910-லேயே எழுதியிருந்தார்கள். இதில் பெரிய அதிசயம் இல்லை. ஒரு கிளர்வு மருந்து இன்னொன்றுக்கு வலுச்சேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 1927-ல் டெயின்டர், சாங் என்ற இருவர் அட்ரினலினுக்குப் பதில் டைரமைனைப் போட்டுப் பார்த்தார்கள். நாள்பட்ட பாலாடைக்கட்டியில் இருப்பது, அட்ரினலினுக்குத் தம்பி முறையாகிற மூலக்கூறு. தனியாகக் கொடுத்தால் அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். கோகெய்ன் கொடுத்த விலங்கிலோ அதன் பாச்சா பலிக்கவில்லை, கோடு படுத்துவிட்டது. அண்ணனைத் தூக்கிவிடுகிற அதே கோகெய்ன் தம்பியைக் கவிழ்த்துவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கும் நம் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஆம்ஃபெட்டமைன் அந்தத் தம்பியின் கூடப்பிறந்தது. டைரமைனிலிருந்து ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதியை எடுத்துவிட்டு ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டினால் ஆம்ஃபெட்டமைன். ருமேனியரான லசார் எடெலேயானு 1887-ல் பெர்லினில் இதை உருவாக்கினார். என்னத்துக்கு ஆகும் என்று யோசிக்காமல் வைத்துவிட்டு, பின்னாளில் பெட்ரோலியச் சுத்திகரிப்பில் புகழ்பெற்றார். நாற்பது வருஷம் தூங்கிய மூலக்கூறை 1929 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் கார்டன் ஆலஸ் தன் உடம்பிலேயே 50 மில்லிகிராம் ஏற்றிக்கொண்டு எழுப்பினார். படபடப்பு, உற்சாகம், பேச்சில் ஒரு வேகம், அப்புறம் சரியாகத் தூங்காத இரவு. அவர் குறித்துக்கொண்டது ஏறக்குறைய இவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் அது மூக்கடைப்புக்கு உறிஞ்சும் பென்செட்ரின் குழலாகக் கடைக்கு வந்துவிட்டது.

இங்கே இன்னொரு பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். 1910-ல் லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் பார்ஜரும் சகாக்களும் அட்ரினலினைப் போன்ற அமைன்களை வரிசையாகச் செய்து சோதித்துக்கொண்டிருந்தபோது செய்ததில் ஒன்று, இன்று டோபமைன் என்று நாம் சொல்வது. அட்ரினலினோடு ஒப்பிட்டால் சோப்ளாங்கி, ஒதுக்கிவிட்டார்கள். நாரட்ரினலினும் அட்ரினலினும் தயாராகிற வழியில் நடுவில் வந்துபோகிற ஒரு கட்டம், அதற்கென்று தனி வேலை கிடையாது என்பதே 1950-கள் வரை எல்லாருடைய எண்ணமும்.

அந்த எண்ணத்தை உடைத்ததில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்குப் பங்குண்டு. ரத்தக் கொதிப்புக்கும் மனக்கலக்கத்துக்கும் இங்கே காலங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-ல் பாசெல் நகரத்து சீபா நிறுவனத்தில் அதன் சாரமான ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். ரெசர்பின் கொடுத்தால் நரம்பு முனைகளில் சேமிப்பில் இருக்கும் அமைன்கள் காலியாகிவிடும். ஆய்வாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? கிட்டங்கியைக் காலி செய்துவிட்டு, எந்த வியாபாரம் படுத்துவிடுகிறது என்று பார்க்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜோஷுவா பர்னும் மைக்கேல் ராண்டும் 1958-ல் அதைத்தான் செய்தார்கள். ரெசர்பின் கொடுத்த விலங்கில் டைரமைன் செல்லாக்காசாகிவிட்டது. வெளியிலிருந்து நாரட்ரினலினை ஏற்றிக் கிட்டங்கியைக் கொஞ்சம் நிரப்பினால் டைரமைனுக்கு மறுபடி உயிர் வந்தது. அப்படியானால் டைரமைன் தானாக எதையும் செய்வதில்லை; நரம்பு முனையில் இருக்கும் நாரட்ரினலினை வெளியே தள்ளிவிடுகிறது, அவ்வளவே. ஆம்ஃபெட்டமைன் கதையும் இதுதான் என்றார்கள். பாதிப் புதிர் அவிழ்ந்தது. கோகெய்ன் ஏன் அதைத் தடுக்கிறது என்பது மட்டும் மிச்சம்.

மிச்சத்தை அவிழ்த்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், வைட்டமின் சோதிக்கும் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்து, அமோனியா குப்பி வெடித்ததில் ஒரு கண்ணை இழந்து, நாற்பது வயது தாண்டி முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது, அட்ரினலினையும் நாரட்ரினலினையும் உடைக்கிற காம்ட் என்ற நொதியைக் கண்டுபிடித்திருந்தார். நரம்பு விடுகிற சேதி எப்படி முடிவுக்கு வருகிறது என்ற கேள்விக்கு, நொதி உடைத்துவிடுகிறது என்பதே அன்றைய பதில். அசிட்டைல்கோலின் என்ற வேறொரு நரம்பு ரசாயனத்தின் விஷயத்தில் அது உண்மையும்கூட. தன் நொதியே விடை என்று சொல்லிக்கொண்டு ஆக்ஸல்ராட் காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் தெரிந்த நொதிகளையெல்லாம் முடக்கிப் பார்த்தாலும் நாரட்ரினலினின் வேகம் சட்டென்று அடங்கிவிடுகிறது. வேறு ஏதோ இருக்கிறது.

அந்த நேரத்தில் சீமோர் கெட்டி, மனச்சிதைவு பற்றிய வேறொரு ஆராய்ச்சிக்காக, டிரிடியம் சேர்த்த கதிரியக்க நாரட்ரினலினைச் செய்து வரவழைத்திருந்தார். அதில் கொஞ்சத்தை வாங்கி ஆக்ஸல்ராட் விலங்குகளுக்கு ஏற்றினார். நரம்புகள் அடர்த்தியாக ஓடுகிற இதயம், மண்ணீரல், உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் அது போய் அப்படியே தங்கியது. அடுத்து ஹெர்ட்டிங்கும் அவரும் சேர்ந்து பூனையின் கழுத்தில் ஒரு பக்கத்து நரம்புத் திரளை மட்டும் வெட்டியெடுத்தார்கள். அந்தப் பக்கத்து முனைகள் அழிந்தபின் மருந்தை ஏற்றிப் பார்த்தால், நரம்பு உள்ள பக்கத்துச் சுரப்பி கதிரியக்கத்தை வாரி விழுங்கியிருக்கிறது. மறுபக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, நரம்பு தான் விட்டதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது! கோகெய்ன் கொடுத்த பூனையில் இந்த உறிஞ்சல் குறைந்தது, ரத்தத்தில் நாரட்ரினலின் கூடி நின்றது.

இப்போது 1927-க்குத் திரும்பலாம். கோகெய்ன் உள்வாங்கும் வாயிலை அடைக்கிறது. வெளியே இருக்கும் அட்ரினலினுக்குப் போக்கிடம் குறைகிறது, ஆகவே கோடு எழுகிறது. டைரமைனோ அதே வாயில் வழியாக உள்ளே போய்த்தான் நாரட்ரினலினை வெளியே தள்ள முடியும். வாயில் அடைபட்டால் அதன் பிழைப்பு நின்றது, கோடு படுத்தது. 1970 நோபல் பரிசில் ஆக்ஸல்ராட்டுக்குப் பங்கு கிடைத்தது. டெயின்டரின் கரித்தாள் யாருக்கும் நினைவில் இல்லை.

ஆனால் இதெல்லாம் கழுத்துக்குக் கீழே நடந்த கதை. மூளைக்குள் ஆட்டத்தின் நாயகன் வேறு. ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்லாய் உட்கார்ந்தன. டோபமைனின் மூலப்பொருளான டோபாவை ஏற்றியதும் சற்று நேரத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு நடமாடத் தொடங்கின. மூளையில் டோபமைன் தனியாகவே இருக்கிறது, அதிலும் ஸ்ட்ரையாட்டம் என்ற ஆழ்பகுதியில் குவிந்து கிடக்கிறது என்பது அடுத்த ஈராண்டில் தெரிந்துபோயிற்று. 1960-ல் லண்டனில் கூடிய மருந்தியல் பெரியவர்கள் இதை நம்பவில்லை. டோபமைன் என்ற பெயரையே முன்மொழிந்த ஹென்றி டேல் உட்பட. பிறகு ஃபால்க்கும் ஹில்லார்ப்பும், உலர்த்திய மூளைச் சீவலை ஃபார்மால்டிஹைடு ஆவியில் காட்டி டோபமைன் நரம்புகளைப் பச்சையாக ஒளிரவைத்தபோது வாதம் முடிந்தது. 1969-ல் ஜோசஃப் காயிலும் சாலமன் ஸ்னைடரும், ஸ்ட்ரையாட்டத்து நரம்பு முனைகளில் நடக்கும் உள்வாங்கல் மற்றப் பகுதிகளில் நடப்பதிலிருந்து வேறுபட்டது என்று காட்டினார்கள். டோபமைனுக்கென்று சொந்தமாக ஒரு வாயில், அதாவது கடத்தி, இருந்தது.

சரி, கோகெய்ன் அதை அடைக்கிறது, ஆம்ஃபெட்டமைன்? அதுவும் அடைப்பான்தான் என்று வெகுநாள் எழுதிவந்தார்கள். பாடப்புத்தகத்துக்கு வசதியான பதில். ஒரு பழைய முரண் மட்டும் உடன்படவில்லை. ரெசர்பினால் காலியான விலங்கின் மூளையில் மெத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு கிளர்வு மருந்து பலிப்பதில்லை, ஆம்ஃபெட்டமைனோ ஜோராக வேலை செய்கிறது. மாறாக, டோபமைன் புதிதாகத் தயாராவதை நிறுத்திவிட்டால் ஆம்ஃபெட்டமைன் படுத்துவிடுகிறது என்று ஃபைசர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1966-ல் காட்டினார்கள். மெத்தில்ஃபெனிடேட் அந்த நிலையிலும் சமாளிக்கிறது. நரம்பு தானாகச் சுடும்போது கிட்டங்கியான நுண்பைகளிலிருந்து விடுகிறதே, அந்த டோபமைனை மெத்தில்ஃபெனிடேட்டும் கோகெய்னும் வெளியில் அதிக நேரம் நிறுத்திவைக்கின்றன. பைகள் காலியென்றால் நிறுத்திவைக்க எதுவுமில்லை. ஆம்ஃபெட்டமைனுக்கு நரம்பு சுடவே வேண்டாம். பைக்கு வெளியே, செல்லின் குழம்பில் இருக்கும் டோபமைனே அதற்குப் போதும்.

அது வெளியே வருகிற வழியை 1979-ல் ஃபிஷரும் ஆர்தர் சோவும் சொன்னார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கடத்தி என்கிற புரதம் ஒரு பரிசல். சோடியமும் குளோரைடும் துடுப்புப் போட, வெளிக்கரையில் டோபமைனை ஏற்றி உள்கரையில் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும். கோகெய்ன் வந்தால் பரிசலை வெளிக்கரையிலேயே கட்டிப்போடுகிறது, போக்குவரத்து நின்றுவிடுகிறது. ஆம்ஃபெட்டமைன் பயணியாகவே ஏறிக்கொள்கிறது. அது இறங்கிய உள்கரையில் காலிப் பரிசல் நிற்கிறது. அங்கே டோபமைன் காத்திருந்தால் ஏறி வெளியே போய்விடும். ஆம்ஃபெட்டமைன் ஏற ஏற டோபமைன் வெளியேறும்.

ஆனால் உள்கரையில் அவ்வளவு டோபமைன் ஏது? சாதாரணமாக அது நுண்பைக்குள் பூட்டிக் கிடக்கும் சரக்கு. பையின் உள்ளே அமிலத்தன்மை அதிகம். அந்த அமில வேறுபாட்டைச் செலவழித்தே டோபமைன் உள்ளே ஏற்றப்படுகிறது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சல்சரும் ஸ்டீஃபன் ரேபோர்ட்டும் 1990-ல் இதைப் பிடித்தார்கள்: ஆம்ஃபெட்டமைன் ஒரு மென்காரம்; பைக்குள் புகுந்து அந்த அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, டோபமைன் பையிலிருந்து குழம்புக்குக் கசிகிறது.

அதை நிரூபிக்க சல்சர் போய் நின்ற இடம் ஒரு குளத்து நத்தை. பிளனோர்பிஸ் என்று பெயர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் உடம்பில் சிவப்புச் சாயல் தெரியும். அதற்கு டோபமைன் சுரக்கிற ராட்சத நரம்புச் செல் ஒன்று உண்டு. ஊசிமுனைக் குழலை நேரே உள்ளே செருகலாம். 1995-ல் அந்தச் செல்லுக்குள் ஆம்ஃபெட்டமைனைச் செலுத்தினார்கள். வாயில் வழியாக வர வேண்டிய அவசியமே இல்லாமல் உள்ளே போன மருந்து, டோபமைனை வெளியே கொட்டவைத்தது. பிறகு டோபமைனையே குழம்புக்குள் செலுத்தினார்கள். அதுவும் உடனே வெளியே வந்தது. கடத்தியை அடைக்கிற நோமிஃபென்சினைக் கொடுத்தால் நின்றது. பைக்கு வெளியே சரக்கு சேர்ந்துவிட்டால் கடத்தி தலைகீழாக ஓடும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி அதுவரை இல்லை. இந்தத் தொடரில் வந்த சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மனிதர்களின் போதையைப் பற்றிய சர்ச்சையை ஒரு நத்தையிடம் தீர்ப்புக்குக் கொண்டுபோனார்கள்.

பைக்கு வெளியே கிடக்கும் டோபமைன் சாதுவான சரக்குமல்ல. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து செல்லைத் தாக்கும். மெத்தாம்ஃபெட்டமைன் நரம்பு முனைகளைச் சேதப்படுத்துவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கிடையில் இத்தாலியின் காலியாரியில் டி கியாராவும் இம்பெராட்டோவும் 1988-ல் எலி மூளையின் அக்கம்பன்ஸ் பகுதியில் நுண்குழாய் வைத்து அளந்து, மனிதர்கள் அடிமையாகிற மருந்துகள் பலவும் அங்கே டோபமைனைக் கூட்டுகின்றன என்று காட்டியிருந்தார்கள். டோபமைனை "இன்ப ரசாயனம்" என்று பத்திரிகைகள் சூட்டிய பட்டத்துக்கு வேர் இங்கேதான். இன்று அது "டோபமைன் விரதம்" வரை வந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காதைத் தொங்கப்போட்ட அந்த முயல்களுக்குக் குறைந்தது இன்பம் அல்ல, அசைவு. பட்டம் சூட்டியவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

1991-ல் கடத்தியின் மரபணுவைப் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடித்தன. மனிதனில் 620 அமினோ அமிலங்கள், சவ்வை 12 முறை ஊடுருவும் புரதம். மரபணு கையில் கிடைத்தால் அதை நீக்கிப் பார்ப்பது அடுத்த வேலை. டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் கேரன் குழு, கடத்தி இல்லாத எலிகளை உண்டாக்கி 1996-ல் முடிவை வெளியிட்டது. அந்த எலிகள் மருந்தே இல்லாமல் கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடின. வெளியே விடப்பட்ட டோபமைன் வழக்கத்தைவிட நூறு மடங்கு நேரம் அங்கேயே நின்றது. கோகெய்ன் கொடுத்தாலும் ஆம்ஃபெட்டமைன் கொடுத்தாலும் ஓட்டம் கூடவில்லை. 1998-ல் அவற்றின் மூளைச் சீவலில் ஆம்ஃபெட்டமைனை விட்டுப் பார்த்தபோது, பைகள் காலியாயின, டோபமைனோ வெளியே வரவில்லை. பையை ஒழுகவைப்பது ஒரு வேலை, பரிசலைத் திருப்புவது இன்னொரு வேலை என்று சல்சர் நத்தையில் கண்டது, இங்கே தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தது. எதிர்பாராத ஒன்றும் இருந்தது. அந்த எலிகளின் டோபமைன் சேமிப்பு சாதாரண எலியில் இருபதில் ஒரு பங்கே. நரம்பு தன் இருப்பைப் பெரும்பாலும் புதிதாகச் செய்து நிரப்பவில்லை. விட்டதைப் பொறுக்கிச் சேர்த்தே நிரப்பிக்கொள்கிறது.

கதை இதோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் 1998-லேயே, கடத்தியில்லாத அந்த எலிகளும் கோகெய்னைத் தாமாகவே நெம்புகோலை அழுத்தி ஏற்றிக்கொள்கின்றன என்று ஒரு முடிவு வந்து எல்லாரையும் திகைக்கவைத்தது. அப்படியென்றால் போதைக்குக் காரணம் டோபமைன் கடத்தி இல்லையா? எட்டு வருஷம் சர்ச்சை ஓடியது. 2006-ல் கடத்தியை நீக்காமல், கோகெய்ன் மட்டும் சரியாக ஒட்டாதபடி அதில் மூன்றே அமினோ அமிலங்களை மாற்றிய எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்குக் கோகெய்ன் ருசிக்கவில்லை. பிறவியிலேயே கடத்தியில்லாமல் வளர்ந்த மூளை வேறு வழிகளைப் போட்டுக்கொண்டுவிட்டது என்பதே பலரும் ஏற்ற விளக்கம்.

மெத்தில்ஃபெனிடேட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வாசகர்களில் பெற்றோர் இருப்பார்கள். 1944-ல் பாசெலில் லியாண்ட்ரோ பனிட்சோன் உருவாக்கி, தன் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டாலின் ஆன மருந்து. கவனக்குறைவுக் கோளாறுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது. கோகெய்ன் அடைக்கிற அதே கடத்தியை இதுவும் அடைக்கிறது. வழக்கமான மருத்துவ அளவில் பாதிக்கு மேற்பட்ட கடத்திகளை அடைத்துவிடும் என்று நோரா வோல்கோவ் மனித மூளைப் படங்களில் அளந்திருக்கிறார். பிறகு பிள்ளைகளுக்குப் போதை ஏறாதது ஏன்? ஊசியில் போன கோகெய்ன் நாலைந்து நிமிஷத்தில் மூளையில் உச்சம் தொடுகிறது. வாய்வழி போன மாத்திரை உச்சம் தொட ஒரு மணி நேரம்போல ஆகும். எவ்வளவு அடைக்கிறது என்பதோடு எவ்வளவு சடுதியில் அடைக்கிறது என்பதும் கணக்கு. இதே மருந்தைப் பொடித்து மூக்கில் இழுப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறார்கள்.

பரிசல் கணக்கும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. கடத்தியின் தொடக்க முனையில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களை மாற்றிவிட்டால், உள்வாங்கல் பழுதில்லாமல் நடக்கிறது, ஆம்ஃபெட்டமைன் வெளியே தள்ளுவது மட்டும் வெகுவாகக் குறைகிறது என்று 2004-ல் கண்டார்கள். திரும்பும் பயணத்துக்கு உள்ளிருந்து ஒரு தூண்டுதலும் வேண்டியிருக்கிறது.

கண்ணால் பார்த்த சாட்சி கடைசியில் பழ ஈயிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் ஓரிகனில் எரிக் கூவோ ஆய்வுக்கூடத்தில், அரவிந்த் பென்மட்சாவும் கெவின் வாங்கும் ஈயின் டோபமைன் கடத்தியைப் படிகமாக்கி 2013-ல் அதன் அணுவமைப்பை வெளியிட்டார்கள். பென்மட்சா இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதே குடும்பத்துப் புரதங்களை ஆராய்கிறார். 2015-ல் அதே கடத்தியில் டோபமைன், ஆம்ஃபெட்டமைன், மெத்தாம்ஃபெட்டமைன், கோகெய்ன் ஒவ்வொன்றும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையாகப் படம்பிடித்தார்கள். எல்லாம் ஒரே குழியில், சவ்வின் பாதி ஆழத்தில், சோடியத்துக்கும் குளோரைடுக்கும் பக்கத்தில். ஆம்ஃபெட்டமைன் சின்ன உருவம், டோபமைனின் இடத்தில் பொருந்திக்கொள்கிறது. கோகெய்ன் பருமன், அது உட்கார்ந்தால் குழியின் வெளிவாய் மூட முடியாமல் திறந்தபடியே நின்றுவிடுகிறது. 2024-ல் மனிதக் கடத்தியின் படங்களும் வந்துவிட்டன.

இந்தக் கடத்தியின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள் உண்டு, மிக அரிது. டோபமைன் வெளியே தேங்கி நிற்க, அந்த எலிகளைப் போல அவர்கள் ஓடியாட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அவர்கள் கைகால் விறைத்து, பார்க்கின்சன் நோயாளி போல ஆகிவிடுகிறார்கள். 2009-ல் மருத்துவர்கள் அவர்களை அடையாளம் கண்ட விதமும், எலி சொன்னதும் குழந்தை சொன்னதும் ஏன் இவ்வளவு தூரம் விலகின என்பதும் அடுத்த இதழில்.